பயப்பட வேண்டியது எதற்கு?

வானத்தில் போகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகிறார். சாலையில் போகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார். இருவரில் யாருக்கு ஆபத்து அதிகம்?

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ந் தேதி ஆமதாபாத்தில் இருந்து லண்டனுக்கு ஒரு விமானம் புறப்பட்டது. கிளம்பிய சிறிது நேரத்திலேயே மருத்துவக் கல்லூரி விடுதி மீது விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். ஒரே ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 260 பேர் பலியானார்கள்.

நாடே கலங்கியது. விமானம் என்ற பேச்சை எடுத்தாலே பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அந்தத் துக்கம் நியாயமானது. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள்.

2022-ம் ஆண்டில் நமது நாட்டுச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 19 பேர். ஆமதாபாத் விபத்தில் 260 பேர் இறந்தார்கள் அல்லவா? நமது சாலைகளில் அத்தனை பேர் சாவதற்கு 14 மணி நேரம் கூட ஆவதில்லை. காலை 6 மணிக்கு எண்ணத் தொடங்கினால் இரவு 8 மணிக்குள் கணக்கு முடிந்துவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் தொடங்கும்!

அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 17 ஆயிரத்து 884 பேர் சாலையில் உயிர் இழந்தார்கள். அதற்காக நாம் யாராவது பஸ்சில் ஏறப் பயந்தோமா? மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே நிறுத்தினோமா? இல்லை.

ஒரு நல்ல கேள்வி

"சாலையில் போகிறவர்கள் கோடிக்கணக்கான பேர். விமானத்தில் போகிறவர்கள் கொஞ்சம் பேர். இரண்டையும் ஒப்பிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம்.

நல்ல கேள்விதான். எத்தனை பேர் செத்தார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு தூரம் போனார்கள் என்றும் பார்க்க வேண்டும். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சோகமே பதில் சொல்லும்.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி பயங்கரவாதிகள் 4 விமானங்களைக் கடத்தினார்கள். அவற்றை நியூயார்க்கிலும் வாஷிங்டன் அருகிலும் கட்டிடங்கள் மீது மோதினார்கள். ஒரு விமானம் வயல்வெளியில் விழுந்தது. டெலிவிஷனில் அதைப் பார்த்த அமெரிக்கர்கள் நடுங்கிப் போனார்கள். விமானமே வேண்டாம் என்று பலர் காரில் கிளம்பினார்கள். வழக்கமாக விமானத்தில் போகும் தூரத்தை எல்லாம் காரிலேயே கடந்தார்கள்.

விளைவு என்ன? கெர்ட் கிகெரென்சர் என்ற ஜெர்மன் நாட்டு மனோதத்துவ நிபுணர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்த 12 மாதங்களில் அமெரிக்கச் சாலைகளில் வழக்கத்தைவிடச் சுமார் 1,500 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டார். கடத்தப்பட்ட 4 விமானங்களிலும் இருந்த பயணிகளும் சிப்பந்திகளும் 246 பேர். அதைப்போல 6 மடங்கு பேர், விமானத்துக்குப் பயந்து சாலையில் செத்தார்கள்!

ஆபத்தில் இருந்து தப்புவதாக நினைத்து, அதைவிடப் பெரிய ஆபத்தின் வாயிலே போய் விழுந்தார்கள்.

எது செய்தி?

மனிதன் ஏன் இப்படித் தப்புக் கணக்குப் போடுகிறான்?

ஒரு ஆபத்து பெரியதா, சிறியதா என்று நாம் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது இல்லை. "அப்படி நடந்ததாக எனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்றுதான் மனம் தேடுகிறது. சட்டென்று ஞாபகம் வந்தால் அது அடிக்கடி நடப்பதாக நினைத்துக்கொள்கிறது. டேனியல் கானமன், ஆமாஸ் ட்வெர்ஸ்கி என்ற 2 நிபுணர்கள் 1973-ம் ஆண்டிலேயே இதை எடுத்துக் காட்டினார்கள். கானமனுக்குப் பிறகு நோபல் பரிசும் கிடைத்தது.

ஞாபகத்தில் நிற்பது எது? செய்தியில் வருவது. செய்தியில் வருவது எது? அபூர்வமாக நடப்பது!

நாய் மனிதனைக் கடித்தால் செய்தி இல்லை, மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி என்று பத்திரிகைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வது உண்டு. அதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. தினமும் நடப்பது பத்திரிகைக்குச் செய்தி ஆகாது. விமானம் விழுவது அபூர்வம். ஆகவே அது முதல் பக்கத்தில் வருகிறது. மோட்டார் சைக்கிள் லாரியில் மோதுவது தினசரிச் சம்பவம். ஆகவே அது உள்பக்கத்தில் 4 வரியில் முடிகிறது. எந்தப் பத்திரிகையும் இதற்கு விலக்கு இல்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையும்தான்!

அமெரிக்காவில் 1979-ம் ஆண்டில் 2 பத்திரிகைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த நாட்டில் விபத்தில் இறப்பவர்களைவிட நோயில் இறப்பவர்கள் சுமார் 16 மடங்கு அதிகம். ஆனால் நோயைப் பற்றி வந்த செய்திகளைவிட விபத்தைப் பற்றிய செய்திகள் 3 மடங்கு அதிகமாக இருந்தன. சர்க்கரை நோயும் இருதய நோயும் சத்தம் போடாமல் வருகின்றன. அவற்றுக்குப் பெரிய எழுத்தில் தலைப்புப் போடுவது இல்லை.

நமது நாட்டில் பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் பாம்பு கடித்துச் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதாவது ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர்! பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். வயலில் ஒருவர், வரப்பில் ஒருவர் என்று தனித்தனியாக இறந்தார்கள். ஆகவே ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை. இருட்டில் நடக்கும்போது ஒரு டார்ச் லைட்டும் காலில் செருப்பும் இருந்தால் போதும். பாம்பு கடித்தால் மந்திரிக்க ஓடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். பல உயிர்கள் பிழைக்கும்.

பக்கத்துத் தெருதானே!

அபூர்வமான ஆபத்தைப் பெரிதாக நினைப்பது ஒரு தவறு. பழகிய ஆபத்தைச் சிறிதாக நினைப்பது இன்னொரு தவறு.

"பக்கத்துத் தெருதானே, ஹெல்மெட் எதற்கு?" என்கிறோம். நேற்றும் போனோம், ஒன்றும் ஆகவில்லை. முந்தாநாளும் போனோம், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் நமது பயத்தை ஒரு சுற்றுக் குறைத்துவிடுகிறது. ஆனால் எதிரே வரும் லாரிக்கு நமது நேற்றைய அதிர்ஷ்டம் தெரியாது!

இன்னொரு காரணமும் உண்டு. விமானத்தை யாரோ ஓட்டுகிறார். மோட்டார் சைக்கிளை நாமே ஓட்டுகிறோம். "வண்டி என் கையில்தானே இருக்கிறது" என்ற தைரியம் வந்துவிடுகிறது. குறுக்கே வரும் மாடும், குடித்துவிட்டு எதிரே வருகிறவனும் நம் கையிலா இருக்கிறார்கள்?

2022-ல் இரு சக்கர வண்டிகளில் போய் இறந்தவர்கள் 74 ஆயிரத்து 897 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50 ஆயிரத்து 29 பேர். அவர்களில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஹெல்மெட் போட்டால் சாவு சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஓட்டுகிற அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கிறது. பின்னால் இருக்கும் அம்மா தலையில் பூ இருக்கிறது. முன்னால் நிற்கும் குழந்தை தலையில் ஒன்றுமே இல்லை. இந்தக் காட்சியை எந்த ஊரில் பார்க்க முடியாது?

புயல் வரவில்லையே!

"புயல் வரும் என்றார்கள். வரவில்லை. இவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதுவும் ஆபத்தான கணக்கு.

1999-ம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2013-ம் ஆண்டு அக்டோபரில் "பைலின்" புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. இந்தத் தடவை சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டார்கள். சாவு சில பத்துப் பேரோடு நின்றது. அன்று வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போனவர்களில் பலருக்கு வீடு அப்படியே இருந்திருக்கும். அதனால் அவர்கள் ஏமாந்தவர்களா? இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போய் மழை பெய்யாவிட்டால் குடையின் மீது யாரும் கோபித்துக்கொள்வது இல்லை.

பயமும் கொல்லும்

கடைசியாக ஒன்று. இல்லாத ஆபத்துக்குப் பயந்தால் என்ன ஆகும்? உயிரே போகும்.

2018-ம் ஆண்டு பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த ஆண்டு மே மாதம் சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிடத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் சென்றது. போளூர் அருகே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்துக் கும்பல் கூடி அடித்தது. 65 வயதுப் பெண்மணி இறந்தார். அடித்தவர்கள் தங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். தப்புக் கணக்கு ஓர் உயிரைப் பறித்தது. பலரைச் சிறைக்கு அனுப்பியது.

4 கேள்விகள்

பயமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பயம் நல்ல காவல்காரன். ஆனால் அவனைச் சரியான வாசலில் நிறுத்த வேண்டும். அதற்கு 4 கேள்விகளை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது அடிக்கடி நடப்பதா? அல்லது அபூர்வமாக நடந்ததால் செய்தியாக வந்ததா?

2. இதற்குப் பயந்து நான் வேறு எதையோ செய்யப் போகிறேனே, அதில் உள்ள ஆபத்து என்ன?

3. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தவிர, எனது தைரியத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா?

4. இந்தத் தகவலைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்?

குடும்பத்தோடு உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் இன்று மாலை வெளியே கிளம்பலாம். கோவிலுக்கோ, சினிமாவுக்கோ, மாமியார் வீட்டுக்கோ போகலாம். போவது மோட்டார் சைக்கிளில் என்றால், பின்னால் உட்காருகிறவருக்கும் ஒரு ஹெல்மெட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்று பஸ்சில் போங்கள். நாளைக்கு ஒன்று வாங்குங்கள்.