கோடை விடுமுறையும் நூலகரின் கடமையும்

சித்திரை பிறக்கும் தறுவாயில் கர்நாடகத்துப் பள்ளிக்கூடங்கள் ஆண்டுத் தேர்வை முடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகள் சில நாட்கள் பிந்தி அதையே செய்கின்றன. அது முதல் மே மாத இறுதிவரை, புத்தகம் வாங்கிக் கொடுக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பதற்கென்று கையில் ஒன்றும் இல்லாத காலம். இவ்விதழை வாசிக்கும் நூலகர்களில் பலர் இப்போது கோடைக்கால நிகழ்ச்சிகளுக்கான ஏற்பாடுகளில் முனைந்திருப்பீர்கள். அவ்வேற்பாடுகள் எதை நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதில் எமக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதனைப் பொதுப்படச் சொல்லாமல், கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறோம்.

தங்கவயலின் வரலாற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சுரங்கத் தொழிலை முறையாகத் தொடங்கிய நாள் முதல், வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பிரதேசங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் வாழவழியற்றுப் புறப்பட்ட தமிழ் மக்கள் ஆயிரமாயிரமாக அங்கே குடியேறி, கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் வாழ்ந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்கிப் பாறையை உடைத்துப் பொன் எடுத்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் அவ்வூருக்கு வந்தபோது நம் தேசத்துப் பெருநகரங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்துகொண்டிருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவ்வூரார் பிழைப்புக்கு வழியாக நின்றது, மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும் ரயில்பாதை. விடிவதற்கு முன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, பட்டறையிலும் கடையிலும் ஆபீசிலும் பகலைக் கழித்து, இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கானோர். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளி நடக்கும் மாதங்களில் ஆசிரியர் பொறுப்பில் இருக்கிறார்கள். விடுமுறை விட்டதும் அவர்களுக்கு எஞ்சுவது பாட்டனும் பாட்டியும் தெருவும் கைப்பேசியுமே. கோடைக்காலத்தில் ஒரு பொது நூலகம் எதற்காக இருக்கிறது என்ற வினாவுக்கு இதைக்காட்டிலும் தெளிவான விடையை வேறோர் ஊர் தரும் என்று நாம் நினைக்கவில்லை.

இதனோடு மற்றொரு விசேஷத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதியில் நின்றால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். கண்ணில் படும் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் கன்னடமும் ஆங்கிலமும். பிள்ளைகள் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் பள்ளியில் கற்கிறார்கள். அவர்கள் வாழும் நாட்டின் மொழி கன்னடம். அதனை அவர்கள் பழுதறக் கற்பதே நியாயமும் நன்மையும் ஆகும் என்பதில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும், தாயோடும் தோழரோடும் நாள் முழுதும் எந்த மொழியில் பேசிச் சண்டையிட்டுச் சிரித்து வளர்கிறார்களோ, அந்த மொழியின் எழுத்தை அறியாமலே வளர்கிற பிள்ளைகள் அங்கே பெருகிவருகிறார்கள். ஒரு தமிழ்க் கதைப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால், படத்தைப் பார்த்துக் கதையைத் தாமே சரளமாகச் சொல்லிவிடுவார்கள். படத்தின் கீழுள்ள வரியைப் படி என்றால், ககரத்துக்கும் தகரத்துக்கும் இடையே விரலை வைத்துக்கொண்டு தயங்கி நிற்பார்கள். பள்ளியின் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் அரிது. விடுமுறையிலோ தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, அவசரமும் இல்லை. ஆதலால் இக்குறையைத் தீர்ப்பதற்குக் கோடைக்கால நூலகத்தைப்போல் தகுந்த இடம் வேறில்லை.

இந்தக் குறை தங்கவயலில் நேர்ந்திருப்பது எம் மனத்தை விசேஷமாக வருத்துவதற்குக் காரணம் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வாரப் பத்திரிகையைக் கைவிடாமல் தாங்கி வளர்த்தவர்களில் தங்கவயல் தொழிலாளருக்கு முக்கியமான இடம் உண்டு. மாரிக்குப்பத்தில் பண்டிதருடைய பௌத்த சங்கத்தின் கிளை ஒன்று அவர்களால் நடத்தப்பட்டது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை, பண்டிதருடைய ‘புத்தரது ஆதிவேதம்’ முதலான நூல்களைப் பிரசுரம் செய்தது. பண்டிதர் 1914இல் மறைந்த பின்னர் நின்றுபோன ‘தமிழன்’ பத்திரிகை, 1926 முதல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்கத் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. பள்ளிக்கூடமும் கோயிலும் தமக்குக் கதவடைத்த காலத்தில், பூமிக்கு அடியில் உழைத்துப் பெற்ற கூலியிலிருந்து பணம் சேர்த்து அச்சிட்டும் வாங்கியும் வாசித்தும் தம் சிந்தனையை வளர்த்துக்கொண்ட மக்கள் அவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் அந்த நூல்களின் பெயரைக்கூட எழுத்துக்கூட்ட முடியாதவர்களாய் இருப்பதை, நூலகத்துறையில் இருக்கும் நாம் பிறர் விஷயமாகக் கருதி ஒதுங்கிப்போகலாகாது.

இனி, கோடை நிகழ்ச்சிகள் என்று நம்மிடையே வழங்குவனவற்றைப் பார்ப்போம். ஓவியப் போட்டி, மாறுவேடம், காகித மடிப்பு, மந்திர வித்தை, நிறைவு நாளில் பிரமுகர் வருகை, சான்றிதழ், புகைப்படம்: பெரும்பாலான இடங்களில் நிகழ்ச்சி நிரல் இவ்வளவே. பிள்ளைகள் மகிழ்வது நல்லதுதான். அந்த மகிழ்ச்சியைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆனால் பத்து நாள் முகாமுக்கு வந்த ஐம்பது பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லையென்றால், அந்த முகாமை நூலகம் நடத்தினால் என்ன, கல்யாண மண்டபம் நடத்தினால் என்ன? கோடை நிகழ்ச்சியின் தகுதியை அளக்கும் அளவுகோல் இரவல் பதிவேடு ஒன்றே என்பது எமது துணிபு.

இது வெறும் விருப்பு வெறுப்பைப் பொறுத்த கருத்தன்று. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து பார்பரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1978இல் வெளியிட்ட நூல், இவ்விஷயத்தில் இன்றளவும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே கல்வியில் உள்ள தூரம் பள்ளி நடக்கும் மாதங்களைவிட விடுமுறை மாதங்களிலேயே அதிகமாக விரிகிறது என்பதும், விடுமுறையில் ஆறு புத்தகங்களாவது படித்த பிள்ளைகள் கற்றதை இழக்காமல் காத்துக்கொண்டார்கள் என்பதும், அதற்கு உதவிய பொது ஸ்தாபனங்களில் நூலகமே தலையாயது என்பதும், வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையிலுள்ள தொலைவு பிள்ளைகளின் வாசிப்பைப் பெரிதும் நிர்ணயித்தது என்பதும் அவர் கண்ட முடிவுகள். ஆறு புத்தகங்கள்! ஏழு வாரத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு புத்தகங்களைக் கொடுத்துத் திருப்பி வாங்குவது எந்தக் கிளை நூலகத்தின் சக்திக்கும் அப்பாற்பட்டதன்று.

அப்படியானால் ஏன் கொடுப்பதில்லை? காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். புத்தகம் தொலைந்தால் கணக்கெடுப்பின்போது நூலகர் பதில் சொல்ல வேண்டும். சில வேளை சம்பளத்திலிருந்து தொகை கட்டவும் வேண்டும். ஆகவே பிள்ளைகளின் புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்கப்பட்டு, புதுமை குலையாமல் பழமையடைகின்றன. இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. குறைந்த ஊதியத்தில் தனியொருவராய் ஒரு நூலகத்தைத் தாங்கும் நூலகருக்கு அது நியாயமான அச்சமே. ஆனால் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஓராண்டில் இரவல் கொடுக்கப்பட்டும் பார்வையிடப்பட்டும் வந்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவதை, நாணயக்குறைவோ அசிரத்தையோ இல்லாதவிடத்து, இயல்பான இழப்பாக ஏற்றுக்கொள்கிறது. அவ்விதி மத்திய அரசு நூலகங்களுக்கு உரியது என்றாலும், அதன் நியாயம் எல்லா நூலகங்களுக்கும் பொது. மாநிலத் துறைகள் இதனைத் தம் கீழுள்ள கிளை நூலகர்களுக்கும் எழுத்து மூலமாக உறுதி செய்தால், பூட்டுக்களில் பாதி தாமே திறந்துகொள்ளும்.

பிணைத்தொகையும் உத்தரவாதக் கையெழுத்தும் அடுத்த தடை. பெற்றோர் இருவரும் பெங்களூர் ரயிலில் இருக்கும் நேரத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளை எந்த உத்தியோகஸ்தரைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்கும்? கர்நாடகத்துக் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் 2020இல் தொடங்கிய ‘ஓதுவ பெளகு’ என்னும் திட்டம், ஆறு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி உறுப்பினர் உரிமை வழங்கிற்று. கிராமத்துப் பிள்ளைக்குக் கூடுவது தங்கவயலைப்போன்ற நகராட்சிப் பிள்ளைக்கு ஏன் கூடாது என்று கேட்பது மிகையாகாது. வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு சொல்: காலையில் சில மணி, மாலையில் சில மணி என்று திறந்து நண்பகலில் மூடும் வழக்கம், வேலைக்குப் போய்த் திரும்பும் பெரியவர்களை எண்ணி ஏற்பட்டது. பிள்ளைகளுக்கு நிழல் வேண்டியிருப்பது நண்பகலில்தான். விடுமுறைக்காலத்துக்கு மாத்திரமேனும் இதனை மாற்ற வேண்டும்.

லைன் வீடுகள் நூலகத்திலிருந்து தொலைவாக இருந்தால், நூலகம் லைன் வீடுகளுக்குப் போகலாம். இது புதுமையன்று. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 1910இல் வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து அமைத்த நூலக ஏற்பாட்டில், மரப்பெட்டிகளில் நூல்களை அடுக்கிக் கிராமந்தோறும் அனுப்பினார்கள். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர், எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் ஊக்கத்தால், இரட்டை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராக அனுப்பினார். மாட்டுவண்டியால் ஆனது, ஓர் ஆட்டோவால் ஆகாதா? ஒரு பெட்டியில் நாற்பது நூல்கள், லைனுக்கு ஒரு பெட்டி, வாரம் ஒருமுறை பெட்டிகளை இடம் மாற்றுதல். பொறுப்பாளராக அந்த லைனில் உள்ள ஒரு கல்லூரி மாணவி. இவ்வளவே போதும்.

நூல்களுக்குப் பஞ்சம் இல்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே கதை கன்னடத்திலும் தமிழிலும் கிடைக்கிறது. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் இரண்டு மொழிகளைத் தாங்கிய படக்கதைகளை வெளியிட்டிருக்கிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ், கன்னடக் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்த சிறு நூல்கள், எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு மிகவும் ஏற்றவை. கன்னடத்தில் ஒரு கதையை முன்பே படித்துவிட்ட பிள்ளை அதே கதையைத் தமிழில் பார்க்கும்போது, பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால், எழுத்தை ஊகித்துக்கொண்டே முன்னேறுகிறது. ஒரு மொழியின் அறிவு மற்றொன்றுக்குக் கைகொடுக்கும் இந்த முறையில் கன்னடமும் தமிழும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை.

கற்பிக்க ஆள் எங்கே என்பீர்கள். நூலகத்தின் செய்தித்தாள் மேசையைப் பாருங்கள். சுரங்கத்தில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தினத்தந்தியைத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரை உதடசைய வாசித்துக்கொண்டிருப்பார். பக்கத்து அறையில் அவருடைய பேத்தி படம் வரைந்துகொண்டிருப்பாள். இவ்விருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பதே ஆண்டர்சன்பேட்டையில் நடக்கத்தக்க கோடை நிகழ்ச்சிகளில் தலைசிறந்தது என்று சொல்லத் துணிகிறோம். தாத்தா எழுத்தைக் காட்டட்டும். பேத்தி அவர் சொல்லும் சுரங்கத்து அனுபவங்களை, எந்த ஷாஃப்டில் இறங்கினார், எத்தனை மணிக்குச் சங்கு ஊதியது, பாறை வெடித்துச் சரிந்த நாளில் லைனில் என்ன நடந்தது என்பதையெல்லாம், தெரிந்த எழுத்தில் தெரிந்தவரை எழுதட்டும். அந்தக் குறிப்பேடுகளைத் தேதியிட்டு, எண்ணிட்டு, நூலகத்தின் உள்ளூர்த் தொகுப்பில் சேர்க்க வேண்டும். சுரங்கம் மூடி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இறங்கி உழைத்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்யும் பொறுப்பு வேறு எந்த ஸ்தாபனத்தைக் காட்டிலும் உள்ளூர் நூலகத்துக்கே உரியது. அத்தொகுப்பில் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளும் இருத்தல் அவசியம்.

ரங்கநாதன் அவர்கள் தம் வாழ்நாளின் கடைசிப் பகுதியைப் பெங்களூரிலேயே கழித்தார். கர்நாடகத்தின் 1965ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் ஆண்டர்சன்பேட்டை மக்கள் செலுத்துகிறார்கள். அந்த வரிக்கு ஈடாக அவர்கள் பிள்ளைகள் பெற வேண்டியது சான்றிதழ் அன்று; புத்தகம்.

அன்பர்களே, தேர்வு முடிவதற்கு முன்பே உறுப்பினர் விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சென்று வாருங்கள். தலைமையாசிரியரின் ஒரே கையெழுத்தை வகுப்பு முழுவதற்கும் உத்தரவாதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், உங்கள் நூலகத்தில் எத்தனை பிள்ளைகள் எந்த எந்த மொழியில் எத்தனை நூல்களை இரவல் பெற்றார்கள், எத்தனை திரும்பி வந்தன, எத்தனை தொலைந்தன என்ற கணக்கை ஒளிவுமறைவின்றி எமக்கு எழுதியனுப்புங்கள். தொலைந்தவற்றின் கணக்கையும் சேர்த்தே வெளியிடுவோம்.