கடலில் காவல், ரயிலில் பெட்ரோல்

போர் நடக்கும் நாட்டுக்கு எண்ணெய் விற்ற கம்பெனிகள் மீது ஓர் அரசு விசாரணை அறிவிக்கும்போது, மக்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: விசாரிக்கிற அரசுக்கு இந்த விஷயம் முன்பே தெரியுமா? ரொடீசியாவில் நடந்ததைப் படித்தவர்கள் இந்தக் கேள்வியை விடவே மாட்டார்கள்.

இன்றைய ஜிம்பாப்வேதான் அன்றைய ரொடீசியா. கறுப்பின மக்களுக்கு ஆட்சியுரிமை தர மனமில்லாத இயான் ஸ்மித்தின் வெள்ளைச் சிறுபான்மை அரசு, 1965 நவம்பர் 11 அன்று தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. பிரிட்டன் படை அனுப்பவில்லை. எண்ணெய்க்குத் தடை போட்டது. மாதக் கணக்கு ஆகாது, வாரக் கணக்கில் ஸ்மித் பணிந்துவிடுவார் என்ற நம்பிக்கையை 1966 ஜனவரியில் லாகோஸ் மாநாட்டில் பிரதமர் ஹரால்டு வில்சன் வெளியிட்டார். ஸ்மித் அதற்குப் பிறகு பதிமூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்.

அவரால் இது எப்படி முடிந்தது?

ரொடீசியாவுக்குக் கடற்கரை கிடையாது. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்திலிருந்து குழாய் வழியாகக் கச்சா எண்ணெய் வந்துகொண்டிருந்தது. அதை மறிக்க 1966 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு சபை பிரிட்டனுக்கு அதிகாரம் கொடுத்தது. 1975 வரை 76 கப்பல்கள் முறை வைத்து அந்தக் கடலில் காவல் நின்றன. பெய்ராவுக்குத் தெற்கே, அதே மொசாம்பிக்கில் லொரென்சோ மார்க்கெஸ் துறைமுகம் இருக்கிறது. இன்று அதன் பெயர் மாபுடோ. அங்கே காவல் இல்லை. சுத்திகரித்த பெட்ரோலும் டீசலும் அங்கிருந்து ரயில் டாங்கர்களில் ஏறி ரொடீசியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவர்களில் ஷெல், பி.பி. கம்பெனிகளின் தென்னாப்பிரிக்கக் கிளைகளும் உண்டு.

தடையால் உண்மையில் தவித்தது பக்கத்து நாடான ஜாம்பியாதான். அதன் பெட்ரோல் ரொடீசியா வழியாகத்தான் வர வேண்டும். பதிலடியாக ஸ்மித் அதை நிறுத்திவிட்டார். ஜாம்பியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. டார் எஸ் சலாமிலிருந்து விமானத்தில் பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் கொண்டுவர வேண்டியதாயிற்று. குற்றம் செய்தவன் வண்டி ஓடியது. ஒரு பாவமும் அறியாதவன் வண்டி நின்றது.

கம்பெனிகள் மீது சந்தேகம் எழுந்ததும் 1968இல் ஒரு மாற்று ஏற்பாடு பிறந்தது. ரொடீசியாவுக்குப் போகும் எண்ணெயைப் பிரெஞ்சுக் கம்பெனியான டோட்டல் அனுப்பும். அதற்கு ஈடான அளவைத் தென்னாப்பிரிக்காவில் ஷெல்லும் பி.பி.யும் டோட்டலுக்குத் தந்துவிடும். ரொடீசியாவுக்குக் கிடைப்பதில் ஒரு சொட்டும் குறையாது. பிரிட்டிஷ் கம்பெனி எதுவும் அனுப்பவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் அமைச்சர் ஜார்ஜ் தாம்சனிடம் சொல்லப்பட்டது. அப்போது பி.பி.யில் ஏறக்குறைய பாதிப் பங்கு பிரிட்டிஷ் அரசுடையதாக இருந்தது. இயக்குநர் குழுவில் அரசு நியமித்தவர்களும் இருந்தார்கள். தன் போர்க்கப்பல்கள் எதை மறிக்க நின்றனவோ, அதை விற்ற கம்பெனியில் அரசே பங்காளி. இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்கிறது?

1977இல் வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவன், வழக்கறிஞர் தாமஸ் பிங்காமிடம் விசாரணையை ஒப்படைத்தார். பிங்காம் கறாரான மனிதர். யார் யாருக்கு எப்போது கடிதம் எழுதினார், எந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று தோண்டி எடுத்தார். 1978 செப்டம்பரில் அறிக்கை வெளியானபோது பிரிட்டன் அதிர்ந்தது. அமைச்சர்களின் பங்கையும் ஆராய அடுத்த ஆண்டு மக்களவை ஒப்புக்கொண்டது. பிரபுக்கள் சபை அதைத் தடுத்துவிட்டது.

ஒளிந்திருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிங்காமின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் விசாரணை கம்பெனி வாசலோடு நின்றால் பாதி உண்மைதான் கிடைக்கும். இனி எந்த நாட்டில் இப்படி ஒரு விசாரணை நடந்தாலும் அமைச்சர்களின் கோப்புகள் முதல் நாளே மேஜைக்கு வர வேண்டும். அறிக்கை நேராக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

வெள்ளைச் சிறுபான்மை ஆட்சிக்கு எதிராக நடந்த ரொடீசியப் போரில் 20,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். 1979 டிசம்பரில் லண்டனில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. எண்ணெய் விவகாரத்தில் யார் மீதும் வழக்கு இல்லை என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்ததும் அதே மாதத்தில்தான்.