விரல் நோகிறதா? முதலில் கிற்றாரை அளந்து பாருங்கள்

கிற்றார் பழகத் தொடங்கும் எங்கள் பெண் பிள்ளைகளில் பலர் மூன்று நான்கு மாதங்களிலேயே அதைக் கைவிட்டு விடுகிறார்கள். காரணம் கேட்டால் "விரல் நோகுது" என்பார்கள். வீட்டில் பெரியவர்களும் "பிள்ளைக்கு மெல்லிய விரல், அவளுக்கு உது சரிவராது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிறகு வாத்தியம் உறைக்குள் போய் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும்.

தொடக்கத்தில் விரல் நுனி நோவது இயல்புதான். சில வாரங்களில் தோல் தடித்து நோவு குறைந்துவிட வேண்டும். மாதக்கணக்காகியும் குறையாவிட்டால், விரலைக் குறை சொல்வதற்கு முன் வாத்தியத்தைச் சந்தேகிக்க வேண்டும். மலிவாக வாங்கும் கிற்றார்கள் பலவற்றில் தந்திகள் தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. அப்படிப்பட்டதை அழுத்திப் பிடிக்க வளர்ந்த ஆணின் கையும் திணறும்.

இது பெண் பிள்ளைகளை ஏன் கூடுதலாகப் பாதிக்கிறது? குருநகர், பாசையூர், இளவாலை போன்ற இடங்களின் தேவாலயப் பாடகர் குழுக்களுக்குக் கிற்றார் புதிதல்ல. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த நாளிலிருந்து ஏனையோருக்கும் அது அந்நியமல்ல. ஆனால் ஒரு பையனின் கிற்றாரில் கோளாறு என்றால், கூட்டாளி ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் திருத்துபவரிடம் கொண்டுபோவான். பிள்ளை பெண்ணென்றால் தகப்பனுக்கு நேரம் வரவேண்டும், தமையனுக்கு மனம் வரவேண்டும். பால்நிலைப் பாகுபாடு என்று நாம் கருத்தரங்குகளில் பேசுவது இப்படிச் சின்ன விடயங்களிலும் இருக்கிறது. ஆகவே வீட்டிலேயே அளந்து பார்க்கத் தெரிந்திருப்பது எங்கள் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக உதவும்.

அளப்பதற்கு என்ன வேண்டும்? கிற்றாருக்கென்றே விற்கும் அளவுக் கருவித் தொகுதிகளைக் கண்டு மலைக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு கருவிகள் போதும். ஒன்று உருக்கு அடிமட்டம், மற்றது பீலர் கேஜ்.

அடிமட்டம் என்றதும் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் பிளாஸ்ரிக் அடிமட்டத்தை எடுத்துவிடாதீர்கள். அதில் பூச்சியத்துக்கு முன்னால் ஒரு சிறு வெற்றிடம் இருக்கும். நாம் அளக்கப்போவதோ இரண்டு, மூன்று மில்லிமீற்றர். அந்த வெற்றிடமே கணக்கைப் பிழையாக்கிவிடும். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் பூச்சிய வழு என்று படிக்கிறார்களே, அதன் உறவுதான் இதுவும். 15 சென்ரிமீற்றர் நீளமான உருக்கு அடிமட்டத்தில் பூச்சியம் விளிம்பிலேயே தொடங்கும். அரை மில்லிமீற்றர் கோடுகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் வேண்டாம்.

பீலர் கேஜ் என்பது விசிறிபோல விரியும் மெல்லிய உருக்குத் தகடுகளின் கட்டு. ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிப்பு எழுதியிருக்கும். 0.05 முதல் 1.00 மில்லிமீற்றர் வரை உள்ள கட்டு எமக்குப் போதும். இசைக்கருவிக் கடையில் தேடவேண்டியதில்லை. மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கேளுங்கள். இயந்திர வால்வின் இடைவெளியைச் சரிபார்க்க கராஜ்காரர் பாவிப்பது இதுதான். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. இந்தத் தகடுகளின் அருமை தெரிந்த ஒருவர் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கலாம்.

தகடுகளில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருக்கும். மரத்தில் வைக்குமுன் துடைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள். எங்கள் கடற்காற்றில் உருக்கு நெடுநாள் தாங்காது.

இனி அளக்கும் முறை. முதலில் சுருதி சேர்க்க வேண்டும். தளர்ந்த தந்தியை அளந்து பயனில்லை. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோலக் கிற்றாரின் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளைப் பிரெற் என்பார்கள். தடித்த தந்தியை முதலாம் பிரெற்றிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெற்றிலும் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு கையும் அதற்கே போய்விடும் என்பதால் இன்னொருவர் உதவட்டும். இழுபட்ட தந்தியே இப்போது நேர்கோல். நடுவே, ஏழாம் பிரெற்றின் தலைக்கும் தந்திக்கும் இடையில் தகட்டைச் செருகிப் பாருங்கள். 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை இருந்தால் கழுத்து நல்ல நிலையில் இருக்கிறது. அதைவிடக் கூடினால் கழுத்து வளைந்திருக்கிறது.

அடுத்து, எதையும் அழுத்தாமல் பன்னிரண்டாம் பிரெற்றில் அடிமட்டத்தை நிறுத்துங்கள். மரத்திலிருந்து அல்ல, பிரெற்றின் தலையிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். கண்ணைத் தந்தியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். உருக்குத் தந்திக் கிற்றாரில் தடித்த தந்திக்கு 2.5, மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் பழகுவதற்குச் சுகம். நைலோன் தந்திக் கிற்றாரில் அவை முறையே 4, 3 வரை இருக்கலாம்.

கருவி ஒன்றும் கையில் இல்லையா? ஏ.ரி.எம். அட்டையை எடுங்கள். அதன் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். மூன்றை அடுக்கினால் 2.28, நான்கை அடுக்கினால் 3.04. எழுத்துப் புடைக்காத ஓரத்தைப் பாவியுங்கள். உருக்குத் தந்திக் கிற்றாரின் பன்னிரண்டாம் பிரெற்றில் நான்கு அட்டைகள் தந்தியைத் தொடாமல் நுழைந்தால், அந்தப் பிள்ளையின் விரலில் ஒரு குறையும் இல்லை.

தையல் நாடாவை இதற்குக் கொண்டுவர வேண்டாம். அது நாளடைவில் இழுபடும். உருக்கு அளவுநாடா மட்டும் ஓரிடத்தில் உதவும், அதுவும் வாங்கும் நாளன்று. தந்தி தொடங்கும் இடத்திலுள்ள வெள்ளைக் கட்டையிலிருந்து பன்னிரண்டாம் பிரெற் வரை ஒரு தூரம். அங்கிருந்து மறுமுனை வெள்ளைத் துண்டு வரை இன்னொரு தூரம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, பின்னது சில மில்லிமீற்றர் மட்டும் கூடியதாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தக் கிற்றார் எந்நாளும் சுருதி சேராது, கடையிலேயே விட்டுவிடுங்கள். நாடாவின் நுனிக் கொக்கி சற்று ஆடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அதனால் 10 சென்ரிமீற்றர் கோட்டிலிருந்து அளந்து பிறகு கழித்துக்கொள்வது நல்லது.

வேணியர் இடுக்கிமானி வாங்கலாமா என்று உயர்தரப் பிள்ளைகள் கேட்பார்கள். தந்தியின் உயரத்தைப் பார்க்க அது தேவையில்லை. மறுமுனையிலுள்ள வெள்ளைத் துண்டை (சாடில் என்பது அதன் பெயர்) தேய்க்கும்போது உதவும். பன்னிரண்டாம் பிரெற்றில் 1 மில்லிமீற்றர் குறைய வேண்டுமானால் சாடிலில் 2 மில்லிமீற்றர் குறைக்க வேண்டும், ஏனெனில் அந்தப் பிரெற் தந்தியின் நடுவில் இருக்கிறது. துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடிட்டு, கண்ணாடித் தட்டில் வைத்த சாண்ட் பேப்பரில் தேயுங்கள். பாதி தேய்ந்ததும் நிறுத்திப் பூட்டிப் பாருங்கள்.

கழுத்து வளைவைச் சரிசெய்யப் பெரும்பாலான உருக்குத் தந்திக் கிற்றார்களில் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கோல் உண்டு. அலன் சாவியால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். இறுகி நின்றால் பலாத்காரம் பண்ணாதீர்கள். தந்தி தொடங்கும் கட்டையிலுள்ள வெட்டுகளை ஆழப்படுத்துவதற்கு அளவான அரங்கள் தேவை என்பதால் அது திருத்துபவருக்குரிய வேலை. நைலோன் தந்திக் கிற்றாரில் உருக்குத் தந்தி பூட்டவே கூடாது. அதன் இழுவையில் பலகை புடைத்துவிடும்.

நீங்கள் ஒன்றையும் தொடாமல் அளந்து எழுதி மட்டும் வைத்தாலும் அது பெரிய உதவி. "தந்தி உயரமாக் கிடக்குது போல" என்று தயங்கிச் சொல்லும் பிள்ளைக்கு "பழகப் பழகச் சரிவரும்" என்ற பதில்தான் கிடைக்கும். "பன்னிரண்டாவதில் 3.8 இருக்கு அண்ணை, 2.5 ஆக்கித் தாங்கோ" என்று கேட்பவளுக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. வாத்தியம் திரும்பி வந்ததும் மறுபடி அளந்து பார்ப்பாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மாரியில் மரம் ஈரத்தை இழுத்து மேற்பலகை புடைப்பதால் தந்தி உயரும், சோளகம் வீசும் வரட்சியில் இறங்கும். வருடத்தில் இரு தடவையாவது அளந்து, திகதியோடு எழுதி வையுங்கள். ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்க வேண்டுமென்றில்லை. ஓர் அடிமட்டம், ஒரு பீலர் கேஜ், ஓர் அலன் சாவிக் கட்டு, ஒரு கொப்பி ஆகியவற்றைப் பிஸ்கற் ரின் ஒன்றில் போட்டுச் சனசமூக நிலையத்தில் வைத்தால் அந்தக் குறிச்சிக்கே போதும். திறப்பு மட்டும் மாதர் சங்கத்தின் கையில் இருக்கட்டும்.