எங்கள் வீட்டுக்கு எதற்கு இத்தனை விருந்தாளிகள்?

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. 2014-இல் 'இந்தியன் ஓஷன்' இசைக்குழுவின் 'தந்தானு' ஆல்பம் வந்தது. கேட்டேன். ஆபீஸ் போகிற மெட்ரோவில் கேட்டேன். வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஏழு பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விருந்தாளி. ஷங்கர் மகாதேவன், விஷால் தத்லானி, சுபா முத்கல், கர்ஷ் காலே, வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ், விஷ்வ மோகன் பட். அத்தனை பேரும் அவரவர் துறையில் கொடி நாட்டியவர்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் கேள்வியெல்லாம் அவர்களைக் கூப்பிட்டவர்களிடம்தான். இந்த ஏழு பாட்டில் நீங்கள் எங்கே ஐயா?

"நம்ம குமரேஷ், நம்ம செல்வகணேஷ். டெல்லியில உக்காந்திருக்கிற தமிழனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?" என்கிறான் என் தம்பி. குமரேஷைக் கேட்க வேண்டுமென்றால் ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்கத்தில் அவர் வாசிக்கிற நாள் பார்த்துப் போய் உட்கார்ந்து, மனம் நிறையக் கேட்டுவிட்டு வருவேனே. அதற்காகவா இத்தனை வருஷம் உங்கள் பின்னால் அலைந்தேன்?

நான் கரோல் பாக்கில் வளர்ந்தவன். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் பஞ்சாபி. பள்ளிக்கூடம், பஸ், கறிகாய்க் கடை, எங்கே போனாலும் நான் 'மதராஸி'. ஊருக்குப் போனால் அங்கே 'டெல்லிக்காரப் பையன்'. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அது யாரோ வேறு ஒருவருக்குச் சொந்தமான பாட்டாகத்தான் எனக்குத் தோன்றும். 2000-இல் இவர்களின் 'கந்தீசா' ஆல்பம் வந்தது. பாலிகா பஜாரில் கேசட் வாங்கி, 'கந்தீசா' என்ற அந்தப் பாட்டை முதல்முறை கேட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பாடுகிற பழைய வழிபாட்டுப் பாட்டு, அராமிய மொழி. டெல்லியில் இருந்த ஒரு ராக் குழு அதைத் தன் பாட்டாக எடுத்துப் பாடியது. அதே கேசட்டில் நர்மதைக் கரையின் 'மா ரேவா', கோரக் பாண்டேயின் போஜ்புரி 'ஹில்லே லே'. இதில் எது டெல்லிப் பாட்டு? எல்லாமே டெல்லிப் பாட்டு. அப்படியானால் நானும் டெல்லிக்காரன்தானே? இதை எனக்குச் சொன்னது வேறு யாருமில்லை, அவர்கள்தான்.

அப்போது அவர்கள் ஒரு விருந்தாளியையும் அழைக்கவில்லை. நான்கு பேர். 1990-இல் சுஸ்மித் சென்னும் அசீம் சக்ரவர்த்தியும் ஆரம்பித்தார்கள், 1991-இல் ராகுல் ராம் வந்தார், 1994-இல் அமித் கிலாம். டெல்லியின் ஐ.டி.ஓ. சந்திப்பின் பெயரையே ஒரு பாட்டுக்கு வைத்தவர்கள். தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மி நினைவாக சஹ்மத் அமைப்பு நடத்திய விழாவில், 1997 ஜனவரி 1 அன்று மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்து 'டெசர்ட் ரெய்ன்' என்று ஆல்பமாக்கியவர்கள். பாதி இடத்தில் வார்த்தையே இருக்காது. சுஸ்மித்தின் கிட்டார் ஓரிடத்தில் ஆரம்பித்து, திரும்பத் திரும்ப அதையே சுற்றி, மெதுவாக வேகம் பிடிக்கும். எங்கே போகிறது என்று தெரியாது. ஆனால் அந்த நான்கு பேருக்கும் தெரியும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கும்.

அசீம் தா (அண்ணா) மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். விரல் தபலாவில் ஓடும், முகம் மைக்குக்குச் சாய்ந்திருக்கும், கண் மூடியிருக்கும். தாளமும் அவரே, குரலும் அவரே. மூச்சு வாங்குகிறதே, இந்த அடியை எப்படி எட்டிப் பிடிக்கப்போகிறார் என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிடித்துவிடுவார். தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் கல்லூரி விழா கல்லூரி விழாவாக ஓடியிருக்கிறேன்.

2009 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ். மாரடைப்பு என்றார்கள். கேட்டதும் கை கால் ஓடவில்லை எனக்கு.

அவர் இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். தபலாவுக்குத் துஹின் சக்ரவர்த்தி, பாட ஹிமான்ஷு ஜோஷி. ஒரு மனிதர் செய்துகொண்டிருந்ததைச் செய்ய இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை, அதுதானே நியாயம். அடுத்த வருஷமே '16/330 கஜூர் ரோடு' ஆல்பத்தை மாதத்துக்கு ஒரு பாட்டாக, இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கள் கரோல் பாக்கின் அந்தப் பழைய பங்களாவின் முகவரியே ஆல்பத்தின் பெயர். வருஷக்கணக்காக அவர்கள் ஒத்திகை பார்த்த வீடு. செத்துப்போன மனிதரின் குரல் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே கேட்டேன். எங்களைப் போன்றவர்களை நினைத்துத்தானே அப்படிக் கொடுத்தார்கள்? அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கோபமும்.

2013-இல் சுஸ்மித்தும் விலகினார். ஆரம்பித்த இரண்டு பேருமே இப்போது இல்லை. ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒருவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த முதல் ஆல்பம் இது. அந்த வெறுமை இதில் இருக்கும் என்றுதான் காத்திருந்தேன். கிட்டார் தடுமாறட்டும். புதுக்குரல் தயங்கட்டும். ஒரு பாட்டு முழுக்க யாருமே பாடாமல் போகட்டும். உங்களுக்கு வலித்தது எங்களுக்குக் கேட்க வேண்டாமா?

நீங்கள் என்ன செய்தீர்கள்? எழவு விழுந்த வீட்டில் ஈரம் காய்வதற்குள் பந்தல் போட்டு ஊரைக் கூட்டி விருந்து வைத்த மாதிரி ஏழு பாட்டிலும் ஆள் வைத்து நிரப்பிவிட்டீர்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒருவர் வருகிறார், தன் வித்தையைக் காட்டுகிறார், போகிறார். எல்லாம் சுத்தமாக இருக்கிறது, பளபளப்பாக இருக்கிறது. அடுத்த அடியை இவர் பிடிப்பாரா மாட்டாரா என்று எங்காவது ஓரிடத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதா? இல்லையே. பழைய பாட்டில் வாத்தியங்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போகும். இதில் விருந்தாளிக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கின்றன. சொந்த வீட்டில் நீங்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறீர்கள்?

பெரிய பெயர் இல்லாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பயந்தீர்களா? யார் கேட்டார் பெரிய பெயரை? நானா? குளிரில், மைதானத்தில், கை விறைத்துப்போய் நின்ற எங்களில் ஒருவராவது கேட்டோமா? இல்லை, உங்களை நீங்களே நம்பவில்லையா? சுஸ்மித் இடத்துக்கு வந்த நிகில் ராவின் கிட்டாரைத் தனியாக விட்டால் சுஸ்மித்தோடு ஒப்பிட்டுப் பேசுவோம் என்று நினைத்தீர்களா? பேசுவோம்தான். பேசினால் என்ன? அவர் அதைத் தாங்கி வளர வேண்டாமா? ஹிமான்ஷுவின் தொண்டை நல்ல தொண்டை. பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தினால் அந்தப் பையனின் குரல் எங்களுக்கு எப்போது பழகும்? அணையால் ஊரே முழுகிப்போகிற ஜனங்களுக்காக நர்மதைக் கரையில் போராட்டத்தில் நின்றவர் ராகுல் ராம். ஒரு மேடையில் உள்ள காலி இடத்தை நாலு நிமிஷம் காலியாக விடவா அவருக்குப் பயம்?

அருமையான ஆல்பம், எத்தனை பெரிய ஆட்கள் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். சந்தோஷம். அசீம் தா எங்கே என்று ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை? அவர் போய் அப்போது ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள்ளாகவா?

எனக்குப் பழைய பாட்டு வேண்டாம். கந்தீசாவை மறுபடி செய்யச் சொல்லவில்லை. அடுத்த ஆல்பத்தில் நீங்கள் ஐந்து பேர் மட்டும் உட்காருங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, அரைகுறையாக வந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து கொடுங்கள். காசு கொடுத்து வாங்குகிறேன், நாலு பேருக்கும் வாங்கிக் கொடுக்கிறேன். அது முடியாது, இனிமேல் எப்போதும் விருந்தாளிகளோடுதான் என்றால், அதையாவது எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.