பாட்டு கேட்கிறீங்களா, ஹெட்போன் கேட்கிறீங்களா?



மூணு வருஷத்துக்கு முன்னாடி 24,000 ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன். 12 மாத இஎம்ஐ, மாசம் 2,000 தானேன்னு தோணுச்சு. ரிவ்யூ வீடியோ பார்க்கப் பார்க்க, அதுக்கு ஒரு டிஏசி வேணும்னு 11,000. அப்புறம் கேபிள் 4,000. மொத்தம் 39,000 ரூபாய். அப்போ என் கைக்கு வந்த சம்பளம் 36,000.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த ஆறு மாசத்துல நான் புதுசா கேட்ட பாட்டுகளை விரல் விட்டு எண்ணிடலாம். அதே மூணு பாட்டுதான் திரும்பத் திரும்ப ஓடுச்சு. பேஸ் எப்படி இருக்கு, வயலின் இடது பக்கம் தனியா கேக்குதான்னு சோதிக்கத்தான்! அதே நேரத்துல எங்க அம்மா சமையலறையில பழைய ரேடியோவுல பாட்டு கேட்டு, கூடவே பாடிட்டும் இருந்தாங்க. எங்க ரெண்டு பேர்ல யார் பாட்டு கேட்டது?

விஷயத்துக்கு வருவோம். சாதாரண சிடியின் தரம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். நம்ம காதுக்கு எட்டுவது அதிகபட்சம் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அது முழுசா சிடியிலேயே அடங்கிடும். 2007-ல் மேயர், மொரான் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய சோதனை முடிவை வெளியிட்டாங்க. உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் மாத்தி மாத்திப் போட்டு, எது எதுன்னு கேட்டாங்க. 554 முறையில் 276 முறைதான் சரியான பதில். பூவா தலையா போட்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும்.

இன்னொண்ணு. லாஸ்லெஸ் சந்தா கட்டிட்டு சாதாரண ப்ளூடூத் இயர்பட்ஸ்ல கேட்டா, ஒலி மறுபடியும் சுருங்கித்தான் காதுக்கு வருது.

அதுக்காக 200 ரூபாய் இயர்போனே போதும்னு சொல்லலை. அதுல இருந்து 2,000 ரூபாய்க்குப் போனா வித்தியாசம் நல்லாவே தெரியும். ஆனா விலை ஏற ஏற, கூடுதலா கொடுக்கிற ரூபாய்க்குக் கிடைக்கிற வித்தியாசம் குறைஞ்சுக்கிட்டே போகும்.

அடுத்து எதையாவது கார்ட்டுல போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி:

1. இந்த மாசம் அதிகம் பார்த்தது ரிவ்யூவா, கேட்டது புதுப் பாட்டா?
2. இப்போ இருக்கிறதுல உண்மையிலேயே என்ன குறை?
3. இஎம்ஐ இல்லாம, கையில இருக்கிற பணத்துல வாங்க முடியுமா? "நோ காஸ்ட்" இஎம்ஐலயும் பிராசஸிங் கட்டணம், ஜிஎஸ்டின்னு ஏதாவது ஒட்டிக்கிட்டு வரும்.

மிச்சமாகிற பணத்தை எஸ்ஐபியில போடுங்கன்னு சொல்வேன்னு நினைச்சிருப்பீங்க. இந்தத் தடவை இல்லை. பாட்டுக்குன்னு ஒதுக்கின பணத்தைப் பாட்டுக்கே செலவு பண்ணுங்க. ஒரு கச்சேரி டிக்கெட் வாங்குங்க, இல்ல கீபோர்டு வகுப்புல சேருங்க. மார்கழியில சென்னை சபாக்கள் பலவற்றில் பகல் கச்சேரிகளை இலவசமாவே கேட்கலாம்.

நான் டிஏசியை 5,000-க்கு வித்துட்டேன். போன டிசம்பர்ல அம்மாவோட நாலு கச்சேரிக்குப் போனேன். ஒரு நாள்கூட ஸ்பீக்கர் என்ன கம்பெனின்னு நான் பார்க்கலை.