எதிரே வருபவரின் கண்

இரவில் மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலைப் பிரயாணம் செய்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை ஒன்றுண்டு. வண்டியுடன் வரும் முன்விளக்கு போதவில்லை என்பதே அது. குறை நியாயமானதுதான். நம் நாட்டில் விற்பனையான நடுத்தர வண்டிகள் பலவற்றில் 35 வாட் ஹாலஜன் பல்பே நெடுங்காலம் பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டினால் சாலையில் விளக்குக் கம்பம் கிடையாது. குழி உண்டு, படுத்துறங்கும் மாடு உண்டு, பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. தடையைக் கண்டு, பிரேக்கை அழுத்தி, வண்டி நிற்பதற்குள் சுமார் 40 மீட்டர் போய்விடும். அந்த 40 மீட்டரும் கண்ணுக்குத் தெரியவேண்டுமல்லவா? ஆகவே கூடுதல் ஒளி கேட்பவரை ஆடம்பரக்காரர் என்று நாம் ஒதுக்கிவிடமாட்டோம்.

ஆனால் அந்த ஒளியைப் பெறுவதற்கு இன்று கைக்கொள்ளப்படும் வழிதான் நமக்குக் கவலையளிக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ, எந்த ஜில்லாத் தலைநகரின் கடைத்தெருவிலோ போய் “வெளிச்சம் போதவில்லை” என்று சொன்னால் போதும். 90, 100 வாட் பல்பையோ, வெள்ளை வெளேரென்று எரியும் எல்.இ.டி. பல்பையோ எடுத்து நீட்டுகிறார்கள். பழைய பல்பு இருந்த இடத்தில் புதியது கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. உட்காருவது எல்லாம் பொருந்துவதாகாது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

35 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. 90 வாட் பல்பு இழுப்பது ஏழரை ஆம்பியர். மின்சாரம் இரண்டரை மடங்குதான் என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கம்பியில் பிறக்கும் உஷ்ணம் மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. மெல்லிய கம்பியும், பிளாஸ்டிக் ஹோல்டரும், சிறிய ஸ்விட்சும் அதைத் தாங்குவதற்கு அமைந்தவையல்ல. நமது அச்சுக்கூடத்தில் இரவு வேலை செய்யும் ஊழியர் ஒருவர் சென்ற ஆண்டு இப்படி ஒரு பல்பைப் போட்டுக்கொண்டார். இரண்டு வாரம் அவருக்கு ஒரே குதூகலம். மூன்றாவது வாரம், ஆளரவமற்ற இடத்தில் ஹோல்டர் உருகி, டிம், பிரைட் இரண்டும் ஒருசேர அணைந்தன. இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு விடியற்காலம் வீடு சேர்ந்தார். 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை பகலிலும் முன்விளக்கு எரியவேண்டுமென்பது விதி. ஆகையால் இந்த உஷ்ணத்திற்கு இப்போது ஓய்வே கிடையாது.

இது வண்டிக்காரரின் சொந்த நஷ்டம். எதிரே வருபவருக்கு நேர்வதோ இதைவிடக் கொடியது. ஹாலஜன் விளக்கின் உட்கிண்ணம் பல்பின் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டே வளைக்கப்பட்டிருக்கிறது. டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு தகடு இருந்து, மேல்நோக்கிப் போகும் ஒளியை மறைக்கிறது. எல்.இ.டி. பல்பில் ஒளி பிறக்கும் இடமும் உருவமும் வேறு. அதை அந்தக் கிண்ணத்தில் வைத்தால் சாலையில் விழவேண்டிய ஒளி மரக்கிளையிலும் மனிதர் கண்ணிலும் விழுகிறது. ஓட்டுபவருக்கு முன்சக்கரத்தருகே பளிச்சென்றிருப்பதால் திருப்தி. தூரத்தில் உள்ள குழி முன்போலவே இருட்டில்தான் இருக்கிறது. எதிரே சைக்கிளில் வரும் கிழவரோ மூன்று வினாடி குருடராகிறார். எதிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரானால், அந்த மூன்று வினாடியில் 50 மீட்டரைக் கண்மூடிக் கடக்கிறார்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? பல பழைய வண்டிகளில் பல்பின்மீது குற்றமே இல்லை. துருப்பிடித்த இணைப்புகளிலும் நீண்ட மெல்லிய கம்பியிலும் மின்னழுத்தம் வழியிலேயே தேய்ந்துபோகிறது. பல்பை அடையும் வோல்ட் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் ஒளி நூற்றுக்கு முப்பது வரை குறைந்துவிடும். பாட்டரியிலிருந்து எரியும் விளக்கானால், அதன் அருகிலிருந்தே ஒரு பியூஸ் வழியாகத் தடித்த தாமிரக் கம்பி இழுத்து, ரிலே ஒன்றை வைத்து, பழைய ஸ்விட்சை அந்த ரிலேயை இயக்குவதற்கு மட்டும் பயன்படுத்தினால், இழந்த ஒளி திரும்பிவிடும். மெக்கானிக்குக்கு இது ஒரு மணி நேர வேலை. பாட்டரியை நம்பாமல் எஞ்சினின் சுருளிலிருந்தே நேராக எரியும் சிறு வண்டிகளுக்கு இம்முறை அப்படியே ஒத்துவராது என்பதையும் சொல்லிவைக்கிறோம். கண்ணாடி மங்கி மஞ்சளித்திருந்தாலோ, கிண்ணத்தின் பூச்சு உரிந்திருந்தாலோ அவற்றை மாற்றவேண்டும். பிறகு, வண்டி எந்த வாட்டுக்கு அமைக்கப்பட்டதோ அதே வாட்டில் நல்ல ஹாலஜன் பல்பைப் போடலாம்; அதன் கண்ணாடியை வெறும் விரலால் தொடலாகாது. இதற்கும் மேல் வேண்டுபவர், அந்த வண்டிக்கென்றே தயாராகி அங்கீகாரம் பெற்ற முழு விளக்கையும் மாற்றிக்கொள்வதே முறை.

கடைசியாகக் கோணம். பல்பை மாற்றுபவர்களில் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்தி, ஆள் உட்கார்ந்தபடி விளக்கின் உயரத்தைச் சுவரில் கோடிட்டுப் பார்க்கவேண்டும். டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 செண்டிமீட்டராவது கீழே விழவேண்டும். பின்னால் ஒருவர் ஏறினால் விளக்கு மேல்நோக்கும் என்பதையும் கணக்கிற்கொள்க.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 8 மீட்டர் முன்னால், ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி தாழ்ந்திருக்கவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி சொல்லுகிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியில் மாறுதல் செய்யும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. தரங்கெட்ட பாகத்தை விற்பவருக்கும் அதே பிரிவில் தண்டனை உண்டு. ஆனால் முக்கியப் பாதுகாப்பு உறுப்பு என்று மத்திய சர்க்கார் அறிவித்த பாகமாக இருந்தால்தான். வாங்கியவன் தப்ப வழியில்லை, விற்றவனுக்கோ வாசல் திறந்திருக்கிறது! சாலையோரத்தில் பையன்களை நிறுத்தி அபராதம் வசூலிக்கும் போலீஸார், அந்தப் பல்பு அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் கடை வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறார்கள்.

சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டி ஒருமுறை பதிவாகிவிட்டால் 15 ஆண்டுகள் கழித்தே மறுபடி சோதனைக்கு வருகிறது. அதுவரை அதன் விளக்கு எங்கே நோக்குகிறது என்று கேட்பாரில்லை. வட்டாரப் போக்குவரத்துக் காரியாலயம் ஒவ்வொன்றிலும் ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, அளவுக் கோடு போட்டு, வருகிறவர்களுக்கு இனாமாக விளக்கைச் சரிபார்த்துக் கொடுக்கச் சர்க்கார் உத்தரவிடவேண்டும். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் கொண்டாடும்போது துண்டுப் பிரசுரத்துக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.