ரூல் நம்பர் 4

போன வருஷம் நம்ம குறும்படப் போட்டிக்கு வந்த படங்களில் ஒன்றைப் பார்க்காமலேயே வெளியே தள்ளியவன் நான்தான். நாளைக்கு கேண்டீனில் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

போட்டி விதிகளில் நாலாவது இது: 'டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவில் மட்டுமே எடுத்திருக்க வேண்டும். மொபைல் ஃபுட்டேஜ் ஏற்கப்படாது.' வந்த ஒரிஜினல் கிளிப்புகளைத் திறந்து மெட்டாடேட்டா பார்ப்பது கோஆர்டினேட்டராக என் வேலை. இரண்டாம் வருஷ மெக்கானிக்கல் தம்பி ஒருத்தன் அனுப்பியதில் ஃபோன் மாடல் பெயர் இருந்தது. ரிஜெக்ட். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனைக்கும் அவன் முன்னாடியே கூப்பிட்டு, "ஃபோன்ல எடுத்தா சேத்துக்குவீங்களாங்ணா?" என்று கேட்டிருந்தான். "அனுப்புடா, பாத்துக்கலாம்" என்று சொன்னதும் நான்தான்.

செமஸ்டர் லீவில் லேப்டாப்பைக் காலி பண்ணும்போதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம். சோமனூர் பக்கம் அவங்க வீட்டை ஒட்டி இருக்கிற தறிக்குடோன். அப்பாவும் அம்மாவும் ஓட்டுகிறார்கள். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது, நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதனால் அவங்க ரெண்டு பேரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்கிறார்கள். நூல் அறுந்தது, டீ வேணுமா, பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா, எல்லாமே சைகை. நாலாவது நிமிஷம் கரண்ட் போகிறது. தறி நின்றுவிடுகிறது. அந்த அமைதியில் அம்மா இன்னும் கையாலேயே எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாவும் கையாலேயே பதில் சொல்கிறார். ரெண்டு பேருக்குமே சத்தம் நின்றது உறைக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு டெக்னிக்கல் விஷயம். ஃபோனில் சவுண்ட் லெவல் தானாகவே ஏறி இறங்கும். தறிச்சத்தத்தில் அமுங்கிக் கிடந்த லெவல், கரண்ட் போனதும் மெதுவாக மேலே ஏறுகிறது. தூரத்தில் ஒரு நாய், குழாயில் தண்ணீர் சொட்டுவது, அப்பாவோட மூச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கிறது. சவுண்ட் இன்ஜினியர் யாரும் அதைச் செய்யவில்லை. ஃபோன் செய்தது.

அந்த வருஷம் முதல் பரிசு வாங்கின படத்தில் என்ன இருந்தது? மழை, டீக்கடை, பிரிந்துபோன காதலி, ஸ்லோ மோஷன். பின்னாடி லைட்டெல்லாம் வட்டம் வட்டமாக மங்கியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது கதை எனக்கு ஞாபகம் இல்லை, வட்டம்தான் இருக்கிறது.

ஆனால் இந்த ரூல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை நேர் எதிராக இருக்கிறது. 2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்தபோது அது ஒரு ஸ்டில் கேமராதான். பத்திரிகை ஃபோட்டோகிராஃபர்கள் ஸ்டில்லோடு கொஞ்சம் வீடியோவும் எடுக்கட்டுமே என்று சேர்த்த வசதி, சினிமா எடுக்க ஆசைப்பட்டவர்களுக்கு லாட்டரி மாதிரி விழுந்தது. அதுவரைக்கும் கணக்கு வேறு. 35 எம்எம் ஃபிலிம் 1000 அடி ரோல் என்பது வெறும் 11 நிமிஷம். ஓடின ஃபிலிமைத் திரும்பச் சுற்றி இன்னொரு டேக் எடுக்கமுடியாது. இந்தக் கேமராவிலும் ஒரு கிளிப் 4 ஜிபியைத் தாண்டாது, சுமார் 12 நிமிஷத்தில் நின்றுவிடும். ஆனால் கார்டை அழித்துவிட்டு மறுபடியும் எடுக்கலாம், எத்தனை டேக் வேண்டுமானாலும் சொதப்பலாம். அடுத்து வந்த 7டி விலை குறைவு, சென்சாரோ ஏறக்குறைய சினிமா ஃபிலிம் ஃப்ரேம் அளவு. அதனால்தான் அந்தப் பின்னணி மங்கல், அந்த 'சினிமா லுக்'.

2010-ல் கேனானும் விமியோவும் சேர்ந்து டிஎஸ்எல்ஆர் ஆட்களுக்கென்றே ஒரு போட்டி நடத்தின. பெயர் 'தி ஸ்டோரி பியாண்ட் தி ஸ்டில்'. ஒருவர் எடுத்த பகுதி ஒரு ஸ்டில் ஃபோட்டோவில் முடியும். அடுத்தவர் அந்த ஃபோட்டோவிலிருந்து கதையைத் தொடங்கவேண்டும். கேமரா விற்கத்தான் நடத்தினார்கள், சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அந்த விதியில் ஒரு யோசனை இருந்தது. ஸ்டில் கேமராவில் படம் எடுக்கிறாயா, சரி, ஒரு ஸ்டில்லிலிருந்து கதை சொல்லு என்றார்கள். நம்ம ரூல் 4-ல் அப்படி என்ன யோசனை இருக்கிறது?

தமிழிலும் இதே சமயம்தான். நாங்கள் ஒண்ணாங்கிளாஸ் படித்த காலத்தில் கலைஞர் டிவியில் 'நாளைய இயக்குனர்' ஓடியது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அதில் குறும்படம் காட்டி வந்தவர்கள். 2012-ல் பாலாஜி சக்திவேல் 'வழக்கு எண் 18/9' படத்தை 7டி ஸ்டில் கேமராவில் எடுத்தார், ஒளிப்பதிவு விஜய் மில்டன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஃபோட்டோ பிடிக்கிற கேமராவில் எடுத்ததெல்லாம் படமா என்று விருதுக்குழு ரிஜெக்ட் பண்ணவில்லை. (அந்தப் படத்தில் மொபைல் கேமரா வைத்திருப்பது வில்லத்தனம் பண்ணுகிற பணக்காரப் பையன். ரூல் 4 எழுதியவர் அதைப் பார்த்து பயந்துவிட்டாரோ என்னவோ.)

ஆக, அன்றைக்கு 'டிஎஸ்எல்ஆர் போதும்' என்று சொன்னது கதவைத் திறந்தது. இன்றைக்கு 'டிஎஸ்எல்ஆர் வேண்டும்' என்று சொல்வது அதே கதவைச் சாத்துகிறது. கேமரா அதேதான். எங்களுக்கே தெரியும். செகண்ட் இயரில் நாலு பேர் ஆளுக்கு 500 போட்டு ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். சிங்காநல்லூர் குளக்கரையில் ஷூட்டிங். ராத்திரி எட்டு மணிக்குள் கேமராவைத் திருப்பித் தரவேண்டும் என்பதால் கிளைமாக்ஸை எழுதியபடி எடுக்கவில்லை, வெளிச்சம் இருந்தவரைக்கும் எடுத்தோம். மைக்குக்குக் காசில்லை, வசனம் பூராவும் காற்று. அதே சிங்காநல்லூரில்தான் ஒரு காலத்தில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது, எம்ஜிஆர் ஹீரோவான 'ராஜகுமாரி' அங்கே எடுத்த படம் என்று வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார். அதைக் கேட்டு இன்னும் கடுப்பானதுதான் மிச்சம்.

இன்னொரு பக்க வாதமும் நியாயம்தான், நானே போன வருஷம் அதைத்தான் பேசினேன். 'எல்லாரும் ஒரே லெவலில் போட்டி போடட்டும். ஃபோன் சென்சார் சின்னது, பின்னணி மங்கலை சாஃப்ட்வேர் போலியாகப் போடுகிறது, காது ஓரம் முடியெல்லாம் பிய்ந்து தெரியும். ஃபோனை அனுமதித்தால் ரீல்ஸ் மாதிரி நூறு படம் வந்து குவியும், யார் உட்கார்ந்து பார்ப்பது?' கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம். பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனம். அதற்கு ஒரு தம்பியோட அப்பா அம்மா பலி. ஒரே லெவல் என்றால் 2 லட்ச ரூபாய் மிரர்லெஸ் வைத்திருப்பவனும் வாடகை 7டிக்காரனும் ஒரே லெவலா? ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' படத்தை ஐஃபோன் 5எஸ்-ல் எடுத்து 2015-லேயே வெளியிட்டார். அதற்குப் பத்து வருஷம் கழித்தும் நாம் மெட்டாடேட்டா பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம்ம கோயம்புத்தூருக்கு சினிமா கொண்டுவந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். நாம ஃபர்ஸ்ட் இயரில் அரியர் வைத்த அதே எஞ்சினியரிங் டிராயிங் வேலை. 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராக டென்ட் போட்டுப் படம் காட்டி, 1914-ல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். கைக்குக் கிடைத்த மெஷினை வைத்து ஆரம்பித்த மனுஷன். வெரைட்டி ஹால் ரோட்டில் போகும்போதெல்லாம் எனக்கு ரூல் 4 ஞாபகம் வருகிறது.

இந்த வருஷக் கமிட்டி இன்னும் ரூல்ஸ் ஷீட்டை ஒட்டவில்லை. என் யோசனை இதுதான். ரூல் 4-ல் கேமராவை எடுத்துவிட்டு வேறு எதையாவது கட்டுப்படுத்துங்கள். ஆறு நிமிஷத்துக்கு மேல் கூடாது. வாங்கின லைப்ரரி மியூசிக் கூடாது. இல்லை, கேனான்காரன் மாதிரி எல்லாருக்கும் ஒரே ஃபோட்டோவைக் கொடுங்கள், உக்கடம் மார்க்கெட்டோ தறிக்குடோனோ ஏதோ ஒன்று, அதிலிருந்து கதை ஆரம்பிக்கட்டும். நூறு படம் வந்தால் முதல் சுற்றை ஃபைனல் இயர் பசங்க பார்க்கிறோம். பிளேஸ்மென்ட் முடிந்தவர்களும் கிடைக்காதவர்களும் சும்மாதானே இருக்கிறோம்.

இதை எழுதுவதற்கு முன்னாடி அந்தத் தம்பிக்குக் கூப்பிட்டு ஸாரி சொன்னேன். "அட விடுங்ணா" என்றான். இந்த வருஷம் படம் அனுப்புவியா என்று கேட்டேன்.

"அனுப்பறேங்ணா. கேமரா வாடகைக்குச் சொல்லி வெச்சாச்சு."

"கதை என்னடா?"

"லவ் ஃபெயிலியர்ங்ணா. மழை சீன் ஒண்ணு இருக்குது."